மறுப்பு வராவிட்டால் சம்மதம்

போ-யென் வேலையை விட்டுப் போனது 2018 மார்ச் ஒன்பதாம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை. புத்தாண்டு போனஸ் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தைவானின் ஷின்ச்சூவில் வேலையை விடுகிறவர்கள் எல்லோரும் அந்த வாரங்களில்தான் விடுவார்கள். போகிறவன் மற்றவர்களுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும். போ-யென் அறுபத்து மூன்று பேருக்கும் சேப்பங்கிழங்கு கேக் வாங்கி வந்து, மேசைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தான். கூ ருய்-ஜென்னின் மேசையில் மட்டும் இரண்டு வைத்தான்.

"எதுக்கு ரெண்டு?" என்றாள் ருய்-ஜென்.

"ஒண்ணு மிஞ்சிடுச்சு அக்கா."

"ஆளை எண்ணித்தானே வாங்கியிருப்ப. எப்படி மிஞ்சும்?"

"ஒருத்தர் லீவு. கேக்குக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேப்பீங்களா?"

பக்கத்து இருக்கைகளில் சிரித்தார்கள். ருய்-ஜென் சிரிக்கவில்லை. "எதிர் கம்பெனிக்குத்தானே போற?" என்று கேட்டாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. போன வாரம் ரெண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரோட்டைத் தாண்டிப் போன. அந்தப் பக்கம் ஒரு கடையிலயும் நூடுல்ஸ் நல்லா இருக்காது."

அவன் தன் சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நான் எல்லாருக்கும் போட்ட மெயில் படிச்சீங்களா அக்கா?" என்றான்.

"படிச்சேன், படிச்சேன்."

அவள் படித்திருக்கவில்லை. பிரிவு மெயில்கள் எல்லாம் ஒரே அச்சு. 'இத்தனை ஆண்டுகள் உங்களோடு பணியாற்றியது' என்று தொடங்கும். முதல் வரியிலேயே அழித்துவிட்டிருந்தாள்.

"அப்ப சரி" என்றான். சொல்லிவிட்டும் நகராமல் அரை நிமிடம் நின்றான், அவள் இன்னும் ஏதோ சொல்வாள் என்பதுபோல. அவள் சொல்லாததால் போய்விட்டான். அவள் எழுந்து ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்து ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தான். காற்று அவனைத் தள்ளியது. எதிர்க் கட்டடத்தின் வாசலில் ஒரு கணம் வண்டியை நிறுத்தி மேலே அண்ணாந்து பார்த்தான். பிறகு ஓட்டிக்கொண்டு போனான். சொன்னேனே, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள் ருய்-ஜென்.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பக்கத்து ஊரான ஷின்பூவைச் சேர்ந்த குடும்பம், சிக்கனத்துக்குப் பேர்போன ஹக்கா இனம். சந்தையில் எல்லோரும் தராசு முள்ளைப் பார்க்கும்போது அவள் அப்பா வியாபாரியின் விரல்களைப் பார்ப்பாராம். அந்தக் கண் அவளுக்கும் வந்திருந்தது. முட்டை வாங்கினால் கடைக்காரியின் எதிரிலேயே டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். லிஃப்ட் கதவு மூடும் பொத்தானை அமுக்கினால்தான் மூடுகிறதா, தானாகவே மூடுகிறதா என்று ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்து, அந்தப் பொத்தான் எதனோடும் சேரவே இல்லை என்று கட்டட நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டவள் அவள். அலுவலகத்தில் 'கஸ்டம்ஸ் அக்கா' என்று பெயர். சோதனை மேசையின் மேல் அந்த ஊர் நம்பிக்கைப்படி மற்றவர்களைப் போல அவளும் இயந்திரங்கள் சொன்னபடி கேட்பதற்காகப் பச்சைப் பொட்டலத்து சோளப்பொரி ஒன்று வைத்திருந்தாள். மற்றவர்கள் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவள் மாதம் ஒருமுறை அதன் காலாவதித் தேதியைப் பார்ப்பாள்.

பதினைந்து வருடமாக அதே கம்பெனியில் சோதனைப் பொறியாளர். நாற்பது தாண்டியவர்களை அந்த ஊரில் புதிதாக வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தாள்.

கம்பெனி செய்தது, டிவியோடு இணைக்கும் பெட்டிகளுக்கான சிப். டிவி, பெட்டி, ஸ்பீக்கர் மூன்றுக்கும் நடுவில் படம் போகும் கேபிளுக்குள் தனியாக ஒரே ஒரு வயர் ஓடும். அதில்தான் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். 'டிவியே, விழித்துக்கொள்' என்று பெட்டி ஒருவருக்கு மட்டும் சொன்னால், டிவி அந்த வயரை ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் கீழே இழுத்துக் காட்ட வேண்டும். கேட்டேன் என்று அர்த்தம். இழுக்கவில்லை என்றால் அங்கே ஆளில்லை. ஆனால் 'எல்லோரும் தூங்குங்கள்' என்று அனைவருக்கும் பொதுவாகச் சொன்னால் கதை தலைகீழ். அப்போது வயரை இழுப்பவன் மறுக்கிறான். ஒருவரும் இழுக்காமல் சும்மா இருந்தால் எல்லோருக்கும் சம்மதம்.

இதைக் கவனித்து மேலே சொல்வதற்கு டிரைவர் என்று ஒரு சிறிய நிரல் இருக்கும். வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. சிப்புக்கும், உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் லினக்ஸ் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளுக்கும் நடுவில் நின்று தூது சொல்வது. ஒவ்வொரு செய்தி முடிந்ததும் அது கெர்னலின் சட்டகம் என்ற மேல் அடுக்கிடம் என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும். போய்ச் சேர்ந்தது, அல்லது, யாரும் ஏற்கவில்லை, அல்லது, நடுவில் இன்னொருவன் முந்திக்கொண்டான், அல்லது, யாரோ வயரைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள், இவை எதுவும் இல்லை என்றால், ஏதோ பிழை, என்னவென்று தெரியவில்லை. சட்டகத்துக்கு வயர் கண்ணில் படாது. டிரைவர் சொன்ன சொல்லை நம்பித்தான் அது அடுத்த காரியத்தைச் செய்யும். டிரைவர் சொல்வது உண்மைதானா என்று பார்ப்பது ருய்-ஜென்னின் வேலை. அந்த டிரைவரை எழுதியவன் போ-யென்.

மே மாதக் கடைசியில் ஒகினாவாவிலிருந்து புகார் வந்தது. ஒரு ஹோட்டலின் முந்நூறு அறைகளில் அவர்களுடைய சிப் போட்ட பெட்டிகளை மாட்டியிருந்தார்கள். விருந்தாளி டிவியை அணைத்துவிட்டு, மனம் மாறி மறுபடியும் போட்டால், அது தானாக அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடியும். ஒரு கிழவர் அறையில் ஆவி இருக்கிறது என்று வரவேற்பறைக்கு வந்து சண்டை போட்டாராம்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் வெங் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வெங் அவளைவிட நான்கு வயது இளையவர். காரியம் ஆக வேண்டும் என்றால் 'ஜென் அக்கா', கோபம் வந்தால் 'மிஸ் கூ'.

"உட்காருங்க ஜென் அக்கா" என்றார். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

திரையை அவள் பக்கம் திருப்பினார். இடது பக்கம் பழைய டிரைவர், வலது பக்கம் புதியது. நடுவில் ஒரே ஒரு வரி சிவப்பில் இருந்தது. எடுக்கப்பட்ட வரி. அனைவருக்குமான செய்தி என்றால் வயரில் கண்டதைத் தலைகீழாகப் படி என்று டிரைவருக்குச் சொல்கிற வரி அது. அது போய்விட்டதால் டிரைவர் அமைதியைப் பார்த்து 'யாரும் ஏற்கவில்லை' என்று மேலே சொல்லியிருக்கிறது. பெட்டி அதை நம்பி, 'எல்லோரும் தூங்குங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆவி அதுதான்.

"தேதியப் பாருங்க" என்றார் வெங். "மார்ச் ஒன்பது, சாயங்காலம் நாலு பத்து. ஆறு மணிக்குக் கிளம்பற ஆளு நாலு பத்துக்கு ஒரு வரிய எடுத்துட்டுப் போயிருக்கான். காரணம் என்ன எழுதியிருக்கான்? 'இனித் தேவையில்லை.' யாருக்குத் தேவையில்ல? அவனுக்கா?"

ருய்-ஜென்னுக்கு எதிர்க் கட்டடத்தின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. அப்புறம் அந்த இரண்டாவது கேக்.

"வேணும்னே செஞ்சிருக்கான்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. நீங்க சொல்லணும்." வெங் குரலைத் தாழ்த்தினார். "இதை யார் சரிபண்ணி கெர்னல்காரங்களுக்கு அனுப்பினாலும் கீழ ஒரு வரி எழுதணும்ல, எந்தப் பழைய மாற்றத்தால வந்த தப்பு இதுன்னு. அதுல இந்த மாற்றத்தோட பேரைப் போடுங்க. உலகமே பாக்கற இடம். வக்கீல் கேக்கறது அந்த ஒரு வரிதான். மத்ததை அவர் பாத்துக்குவார். வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

"எழுதினா அவனுக்கு என்ன ஆகும்?"

"எதிர் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் போகும். அவங்க அவனை ஒரு நாள்கூட வெச்சிருக்க மாட்டாங்க. அப்புறம் கோர்ட்டு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சேர்த்தார். "அந்த மாற்றத்துக்குக் கீழ 'சோதித்தவர்'னு ஒரு பேர் இருக்கு. மறந்துடாதீங்க."

அது அவளுடைய பெயர். அவன் போன மறு வாரம் செவ்வாய்க்கிழமை அந்த டிரைவரை அவள் சோதித்து, எல்லாம் சரி என்று பெயர் போட்டிருந்தாள். கெர்னல்காரர்களின் உலகத்தில் ஒரு முறை ஏறிய பெயர் இறங்காது.

சோதனை மேசைக்குத் திரும்பி அதே டிரைவரை மறுபடி ஓட்டினாள். 'எல்லோரும் தூங்குங்கள்' என்று அனுப்பினாள். டிவி தூங்கியது. டிரைவர் 'போய்ச் சேர்ந்தது' என்றது. நூறு முறை அனுப்பினாள். நூறு முறையும் சரி.

இதுதான் அவளுக்கு உறுத்தியது. அந்த வரி இல்லாவிட்டால் தப்பாக வர வேண்டும். இங்கே எப்படிச் சரியாக வருகிறது? அவள் சோதிக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்படி வேறெங்காவது எதையாவது ஒளித்துவைத்திருக்கிறானா? அன்று பிற்பகல் முழுவதும் அவன் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒளித்தது எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் குறையவும் இல்லை. அவன் கெட்டிக்காரன்.

ஹோட்டலிலிருந்து திரும்பி வந்த பெட்டி ஒன்று வேண்டும் என்று வெங்குக்கு எழுதினாள். 'இன்னும் வரவில்லை' என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. வழக்கமாக வெங் ஒரு பதில் போட அரை நாள் எடுத்துக்கொள்வார். இது ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கீழ்த்தளத்துக் கிடங்குக்குப் போனாள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆ-குவெய் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய்.

"குவெய் அண்ணே, ஒகினாவாலேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"கஸ்டம்ஸே கீழ இறங்கி வந்துட்டாங்க! என் மேல என்ன கேஸு?"

"வந்துச்சா இல்லையா?"

"மூணு பெட்டி வந்திருக்கு. நேத்து. தொறக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

"என்கிட்ட வரலன்னு சொன்னாரே."

குவெய் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பி, "நான் இப்ப டீ குடிக்கப் போறேன். ஸ்க்ரூ டிரைவர் மூணாவது டிராயர்ல இருக்கு. தொறந்தா திரும்ப மூடி வைக்கணும், ஆமா. அட்டைப்பெட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க. உங்க ஹக்கா ஆளுங்களுக்கு அட்டைனா உயிரு" என்றார்.

"உங்க டீக்கு யாரு காசு குடுக்கறான்னு நான் கேட்டேனா?"

அவர் போனதும் திறந்தாள். சிப்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். கீழே லேசரில் பொறித்த எண்கள், கடைசியில் ஒரு எழுத்து. ஏ.

அவள் மேசையில் இருந்தவை எல்லாம் பி. ஏ வகை பழைய வார்ப்பு. பிப்ரவரியிலேயே அவளுடைய ஆய்வகத்திலிருந்த ஏ பலகைகளை வெங் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி ஏ கிடையாது, பி மட்டும் பார்த்தால் போதும் என்றார். வாயால்தான் சொன்னார். பால் பாக்கெட்டுக்குக்கூட ரசீது கேட்கிற அவள், அதை எழுதித் தரும்படி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கிடங்கில் நின்று யோசித்தாள். வேலை பாதியாகிறதே என்ற சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

குவெய் டீயோடு திரும்பி வந்தார். அவள் கையிலிருந்த பட்டையைக் காட்டி, "இதை யார் ஒட்டச் சொன்னா?" என்றாள்.

"அது சூடு எடுக்கற பேடு. எல்லாத்துலயும் ஒட்டறதுதான்."

"எழுத்து தெரியக் கூடாதுன்னு ஒட்டலையே?"

"இல்ல." ஒரு வாய் டீ குடித்தார். "ஆனா எழுத்து தெரியக் கூடாதுன்னாலும் இதைத்தான் ஒட்டணும்."

"ஏ வகை எத்தனை போச்சு?"

"இருந்தது அத்தனையும். ஏப்ரல்ல கிடங்கு காலி பண்ணச் சொன்னாங்க. மேலேர்ந்து வந்த உத்தரவு. மேலனா எத்தனாவது மாடின்னு என்னைக் கேக்காதீங்க."

படியேறி வரும்போதுதான் அவளுக்கு அந்த அரை நிமிடம் உறைத்தது. மெயில் படிச்சீங்களா என்று கேட்டுவிட்டு, படித்தேன் என்ற பிறகும் நகராமல் நின்றானே.

அழித்த மெயில்கள் தொண்ணூறு நாள் வரை இருக்கும், பிறகு தானாகப் போய்விடும். இன்னும் ஒன்பது நாள் மீதி இருந்தது. எடுத்துப் படித்தாள். எல்லோரும் எழுதுகிற நன்றிகள். யார் யாரோடு சாப்பிட்ட மதியங்கள். ஒரு பழைய நகைச்சுவை. அதற்கெல்லாம் கீழே, யாரும் போகாத இடத்தில், ஒரு பத்தி:

'பி வகைச் சிப், அனைவருக்குமான செய்திக்கு வயரில் கண்டதைத் தானே தலைகீழாக்கித் தந்துவிடுகிறது என்று வடிவமைப்பாளர்கள் இன்று காலை என்னிடம் வாயால் சொன்னார்கள். சோதித்துப் பார்த்தேன், உண்மை. டிரைவரும் தலைகீழாக்கினால் இரண்டு முறை ஆகித் தவறாகிவிடும். ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டேன். ஏ வகை போட்ட பெட்டி ஒன்றுகூட இனி வெளியே போகாது என்ற நம்பிக்கையில் செய்திருக்கிறேன். அப்படிப் போவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்குள் யாராவது சொல்லவும். மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்கிறேன்.'

அந்தக் கடைசி வாக்கியம் அலுவலகத்தில் தினமும் நான்கு மெயிலில் வரும். விடுமுறைப் பட்டியல், புதிய நாற்காலி, ஏசி எத்தனை டிகிரி, எல்லாம் இப்படித்தான் முடிவாகும். அறுபத்து மூன்று பேர் சும்மா இருந்தால் அறுபத்து மூன்று சம்மதம். அவளிடம் மட்டும் அவன் நேரில் வந்து கேட்டான். அவள் படித்தேன் என்றாள்.

அப்போதும் அவளால் அவனை முழுதாக நம்ப முடியவில்லை. இவ்வளவு முக்கியமானதைப் பிரிவு மெயிலின் அடியில் எதற்குப் போட வேண்டும்? தனியாக அனுப்பினால் என்ன? யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே, நாளைக்குக் கேட்டால் சொன்னேனே என்று காட்டுவதற்காகப் போட்டானா? இருக்கலாம். அன்று அவனுக்கு நேரமில்லாமலும் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை காலை அந்த மெயிலை அச்செடுத்து வெங்கின் மேசையில் வைத்தாள். வெங் அதை நிதானமாகப் படித்தார். முதல் முறையாகப் படிக்கிறாரா இல்லையா என்று அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

"எனக்கு இது வந்த ஞாபகமே இல்ல" என்றார்.

"எல்லாருக்கும்னு போட்டிருக்கு."

"வந்திருக்கும். பிரிவு மெயில யாரு படிக்கறா? நீங்க படிச்சீங்களா?"

"இல்ல."

"ஆனா படிச்சேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கீங்க. பக்கத்து சீட்டுக்குக் காது இருக்கு மிஸ் கூ."

"ஏ வகை போகுதுன்னு எனக்கு ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

"அது சரக்கு விஷயம். உங்க விஷயம் டெஸ்ட்டு." காகிதத்தை இரண்டாக மடித்தார். "இதோ பாருங்க. ஹோட்டல்காரனுக்கு ஒரு பேர் சொல்லணும். எடுத்தவன் இல்லனா சோதிச்சவங்க. அவன் வெளிய போயிட்டான், அவன் பேரைப் போட்டா இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்க பேரைப் போட்டா உங்களுக்கு வயசு என்ன ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

மடித்த காகிதத்தை அவர் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளிடம் இன்னும் மூன்று பிரதிகள் இருந்தன.

மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். டிரைவரைச் சரிசெய்வது சின்ன வேலை. தொடங்கும்போது சிப்பின் வகையைப் படித்துக்கொள். ஏ என்றால் தலைகீழாக்கு, பி என்றால் விட்டுவிடு. ஒன்பது வரி. குவெய்யிடம் கேட்டு வாங்கிய ஒரு ஏ பெட்டியிலும் தன் பி பலகையிலும் ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் உண்மையைச் சொல்லின. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் அதற்குக் கீழே எழுத வேண்டிய ஒரு வரியிலேயே போனது.

போ-யென் வேண்டுமென்றே செய்தானா? தெரியவில்லை. வெங் மெயிலைப் படித்துவிட்டுத்தான் சும்மா இருந்தாரா? தெரியவில்லை. அந்த ரப்பர் பட்டை வெறும் பட்டைதானா? தெரியவில்லை. பதினைந்து வருடமாக அவள் எத்தனையோ டிரைவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், இன்ன பிழை என்று தெரியாதபோது தெரிந்ததுபோல ஏதோ ஒரு பெயரைச் சொன்னதற்காக. 'யாரும் ஏற்கவில்லை' என்று சொல்லத் தெரிந்த அளவுக்கு 'என்னவென்று தெரியவில்லை' என்று சொல்ல அவற்றுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஏ வகையை அவள் சோதிக்கவில்லை.

தலைப்பில் 'திருத்தம்' என்று போட்டால் எதைத் திருத்துகிறாய் என்று கேள்வி வரும். 'ஏ வகைச் சிப்புக்கு ஆதரவு சேர்ப்பு' என்று போட்டாள். சேர்ப்புக்குப் பழைய மாற்றத்தின் பெயர் வேண்டாம். கீழே எழுதினாள்: 'முந்தைய மாற்றம் பி வகைக்குச் சரியானதே. அதை நான் பி வகையில் மட்டுமே சோதித்தேன். ஏ வகையில் சோதிக்காமல் விட்டது என் தவறு. கூ ருய்-ஜென்.' பிற்பகல் மூன்று இருபதுக்கு, உலகமே பார்க்கும் கெர்னல்காரர்களின் மெயில் பட்டியலுக்கு அனுப்பினாள்.

கெர்னலின் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மனிதர் ஐரோப்பாவில் எங்கோ இருந்தார். வியாழக்கிழமை பிற்பகல் அவரிடமிருந்து பதில் வந்தது. அந்த நேரம் பார்த்து வெங் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். 'விளைவைப் பார்த்தால் இது திருத்தம் போலத் தெரிகிறதே. எந்த மாற்றத்தால் வந்தது?' என்று அந்த மனிதர் கேட்டிருந்தார்.

"கேக்கறார் பாருங்க" என்றார் வெங். "அவரே கேக்கறார். சொல்லுங்க."

சுற்றிலும் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ருய்-ஜென் தட்டினாள்: 'எந்த மாற்றத்தாலும் இல்லை. இரண்டு வகைச் சிப் இருப்பது டிரைவருக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும்.' அனுப்பும் பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றது.

"மிஸ் கூ."

"சொல்லுங்க மேனேஜர். ஏதாச்சும் மறுப்பு இருக்கா?"

யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். வெங் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அமுக்கினாள். மறுநாள் ஐரோப்பாவிலிருந்து 'சரி, எடுத்துக்கொண்டேன்' என்று ஒரே வரி வந்தது.

வக்கீலுக்கு வேண்டிய வரி எங்கும் எழுதப்படவில்லை. நோட்டீஸ் போனதாக அவளுக்குத் தெரிந்து இல்லை. ஒகினாவாவின் பெட்டிகளுக்குப் புதிய டிரைவர் போய்ச் சேர்ந்தது. ஆவி போய்விட்டது. ஹோட்டல்காரர்களுக்குச் சொல்லப்பட்ட பெயர் அவளுடையதுதான்.

ஜூலையில் அவளைச் சோதனையிலிருந்து எடுத்துக் கையேடுகள் பக்கம் போட்டார்கள். தொள்ளாயிரம் பக்கக் கையேட்டில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை. அவள் அதையும் ஒரு பிழை விடாமல் பார்த்தாள். அவளுடைய மேசைக்கு வந்த புதியவன் பச்சைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டான் என்று கேள்விப்பட்டாள். அதன்பிறகு வந்த பிரிவு மெயில்களை ஒன்று விடாமல் கடைசி வரி வரைக்கும் படித்தாள். இரண்டரை வருடத்தில் நாற்பத்தொன்று வந்தன. ஒன்றிலும் எதுவும் இல்லை.

போ-யென்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். ச்சூபெய் ரயில் நிலையத்தருகே ஹக்கா நூடுல்ஸ் கடையில், வரிசையில் அவளுக்கு நான்கு ஆள் முன்னால் நின்றிருந்தான். திரும்பினான். பார்த்தான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான். தெரிந்துதான் வெட்கப்படுகிறானா, தெரிந்தும் நன்றி சொல்ல மனமில்லையா என்று சாப்பாடு ஆறும்வரை யோசித்தாள். அவனுக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

2020 நவம்பரில் ஒரு நாள், மதிய இடைவேளையில், அவளுடைய போனுக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது:

'அக்கா, நல்லா இருக்கீங்களா. இங்க ஒருத்தன் பழைய ஏ சிப் பத்திக் கேட்டான். தேடினப்ப உங்க மாற்றம் கண்ணுல பட்டுச்சு. இன்னிக்குத்தான் பாக்கறேன். அந்த வரிய எடுத்தது நான். சரியாத்தான் எடுத்தேன். எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் எடுத்தேன், உங்ககிட்ட நேர்ல வந்தும் கேட்டேன். அதுல என் மாற்றத்தோட பேரே இல்ல. பேர் போட்டிருந்தா, எழுதினவன்னு என் சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி தானா வந்திருக்கும். வந்திருந்தா அந்தப் பட்டியல்லயே எல்லார் முன்னாடியும் நடந்ததைச் சொல்லியிருப்பேன். நீங்க என்னடான்னா எல்லாத்தையும் உங்க தப்புன்னு எழுதியிருக்கீங்க, ஏ சிப்பை வெளிய அனுப்பினது யாருன்னு ஒரு வார்த்தை இல்ல. ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தாக்கூட அது யாரால வந்ததுன்னு கேக்காம விடாத ஆள் நீங்க. நிஜமாச் சொல்லுங்க, வெங் உங்களுக்கு என்ன குடுத்தான்?'